எழுபது பெயர்கள், இருபத்தாறாயிரம் மரங்கள்

மார்ச் மாதம் கூடலூரிலிருந்து மசினகுடிக்குப் பேருந்தில் போகிறவர்கள், தொரப்பள்ளி தாண்டியதும் சன்னலோரம் நகர்ந்து உட்காருவார்கள். யானை நிற்குமா, காட்டெருமை தெரியுமா என்று கண்கள் தேடும். கொஞ்ச தூரம் போனதும் முகம் வாடிவிடும். இருபுறமும் இலையில்லாத கிளைகள், காய்ந்த புல், சருகு, ஆங்காங்கே கரிந்த தரை. "என்ன, காடே காஞ்சு கெடக்கு" என்று யாராவது சொல்வார்கள். பச்சையாக இருந்தால்தான் காடு என்று நமக்குப் பழகிவிட்டது.

அந்தச் சாலை கடந்துபோகும் முதுமலைக் காட்டின் கார்குடி சரகத்தில், ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு நிலத்துண்டு இருக்கிறது. 50 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 124 ஏக்கர். வேலி கிடையாது. யானை வரும், போகும். தீயும் வரும். ஆனால் அங்கே நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் உண்டு. என்ன மரம், எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு பருமன், உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் 1988 முதல் பதிவாகி வருகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் தொடங்கிய வேலை இது. இந்தியாவின் இலையுதிர் காட்டைப் பற்றி இன்று உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அதில் பெரும்பங்கு இந்த 124 ஏக்கரின் கொடை.

கணக்கெடுக்கும் முறை கேட்பதற்கு எளிது. நிலத்தை 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மொத்தம் 1,250 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தண்டு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, எண் பொறித்த தகடு கட்டி, வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் என்பது சுண்டு விரல் பருமன்கூட இல்லை. ஆள் உயரப் புல்லுக்குள், முட்புதருக்குள் அப்படிப்பட்ட குச்சிகளைத் தேடிப்பிடிக்க வேண்டும். பின்னாலிருந்து காட்டெருமை வருகிறதா என்று ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதோடு ஒரு முறை செய்து முடித்துவிடுகிற வேலையும் இல்லை. ஆண்டுதோறும் போய் யார் இறந்தார்கள், யார் புதிதாக வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோருடைய பருமனையும் மறுபடி அளக்க வேண்டும். காட்டைப் பிறந்ததிலிருந்து அறிந்த உள்ளூர்ப் பழங்குடிப் பணியாளர்களின் கண் இல்லாமல் இது நடந்திருக்காது.

முதல் கணக்கெடுப்பில் கிடைத்தது ஏறத்தாழ 26,000 தண்டுகள். அவை எல்லாம் சேர்ந்து எழுபதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள்.

எழுபது என்பது அதிகமா, குறைவா?

இந்த முறையை முதலில் தொடங்கியவர்கள் பனாமாவில் இருந்தார்கள். ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் இருவரும் 1980இல் பாரோ கொலராடோ தீவின் மழைக்காட்டில் இதே 50 ஹெக்டேர் அளவை அளந்து எண்ணத் தொடங்கினார்கள். அங்கே சுமார் 300 இனங்கள். பிறகு மலேசியாவின் பாசோ காட்டில் இதே பரப்பில் எண்ணினார்கள், 800க்கும் மேல். அவற்றுக்குப் பக்கத்தில் முதுமலையின் எழுபதை வைத்தால் ஏழைக் காடு என்றுதான் படும். பல பாடநூல்கள் இந்த ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. இலையுதிர் காடு என்றால் பன்மை குறைந்த காடு, அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்பதுபோல. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எண் பொய் என்பதல்ல என் வாதம்; எண் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு காட்டை அறிந்துவிட்டதாக நினைப்பது தவறு.

முதலில், எண்ணப்பட்ட தண்டுகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். பாரோ கொலராடோவில் அதே பரப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள். முதுமலையில் ஹெக்டேருக்கு 520தான். ஒரு கூடையிலிருந்து பத்துப் பிடி காய் அள்ளுகிறவருக்கும் ஒரு பிடி அள்ளுகிறவருக்கும் கிடைக்கும் காய்களின் வகை ஒன்றாக இருக்காது. நிறைய அள்ளினால் நிறைய வகை. ஆகவே பரப்பைச் சமமாக வைத்து ஒப்பிடுவது ஒரு கணக்கு, தண்டுகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்து ஒப்பிடுவது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கிலும் மழைக்காடே முந்தும். ஆனால் இடைவெளி சற்றுக் குறையும்.

அதைவிட முக்கியமானது, அந்த எழுபதும் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பது. முதல் கணக்கெடுப்பில் நான்கே நான்கு இனங்கள் மொத்தத் தண்டுகளில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டன: கிடியா, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி. மறுகோடியில், 50 ஹெக்டேர் முழுதும் தேடினாலும் ஓரிரு மரங்களாக மட்டுமே நின்ற இனங்கள். ஆயிரக்கணக்கில் நிற்கும் வெண்தேக்கும், தனியாக நிற்கும் ஒற்றை மரமும் பட்டியலில் ஆளுக்கொரு வரிதான்.

இந்தச் சிக்கலை எண்ணில் பிடிக்க முயன்றவர்களில் ஒருவர் எட்வர்ட் சிம்ப்சன். இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் குழுவில் வேலை செய்தவர். சங்கேதம் உடைப்பவர்களுக்கு அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: இந்தச் செய்தியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1949இல் சிம்ப்சன் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் இதே கேள்வியை உயிரினக் கூட்டத்தை நோக்கித் திருப்பினார். காட்டுக்குள் போய் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மரங்களைத் தொட்டால், இரண்டும் ஒரே இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு மரங்கள் உள்ள இரண்டு தோப்புகள். இரண்டிலும் பத்து இனங்கள். முதல் தோப்பில் ஒவ்வொரு இனத்திலும் பத்து மரங்கள். இரண்டாவதில் ஓர் இனம் மட்டும் 91. மற்ற ஒன்பதும் ஒவ்வொன்று. முதல் தோப்பில் தொடும் இரண்டு மரங்கள் ஒரே இனமாக இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. இரண்டாவதில் நூற்றுக்கு 83. பட்டியல் போட்டால் இரண்டும் சமம். நடந்து பார்த்தால், இரண்டாவது தோப்பில் திரும்பத் திரும்ப ஒரே மரம்தான் வரும். சிம்ப்சனின் எண்ணைத் தலைகீழாக்கினால் முதல் தோப்பு பத்து இனங்களின் மதிப்புடையது; இரண்டாவது ஒன்றேகால் இனத்தைக்கூட எட்டாது.

சிம்ப்சனுக்கு முன்பும் பின்பும் வேறு பலர் வேறு அளவீடுகளைச் செய்தார்கள். தொலைத்தொடர்புக்காக கிளாட் ஷானன் 1948இல் வகுத்த சூத்திரம்கூடக் காட்டுக்குள் வந்துவிட்டது. அவை ஒவ்வொன்றையும் இங்கே விளக்கப்போவதில்லை. கர்ட்டிஸ், மெக்கின்டாஷ் இருவரும் 1951இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளுக்காக வகுத்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தியக் காடுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இதைத்தான் அதிகம் காணலாம். எத்தனை மரங்கள், எத்தனை கட்டங்களில் காணப்படுகின்றன, தண்டுகளின் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு என்ற மூன்றையும் சதவீதமாக்கிக் கூட்டுவார்கள். மொத்தம் 300. இதில் ஓர் இனத்துக்குக் கிடைக்கும் பங்குதான் அதன் முக்கியத்துவ மதிப்பு. ஆயிரம் குச்சிகளாக நிற்கும் இனத்தையும் ஐம்பது பெருமரங்களாக நிற்கும் இனத்தையும் ஒரே தராசில் வைக்க இது உதவுகிறது. முதுமலையில் சரக்கொன்றையும் கருமருதும் அப்படிப்பட்டவை. கொன்றைக்குப் பலம் எண்ணிக்கை. கருமருது உருவத்தில் முன்னே நிற்கும்.

*

எண்களை விட்டுவிட்டு மரங்களிடம் வருவோம். இலை இல்லாத மாதத்தில் மரத்தை அடையாளம் காண்பது எப்படி? பட்டையைப் பார்த்துத்தான்.

வெக்காலியைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். வழவழப்பான, சாம்பல் கலந்த வெள்ளைத் தண்டு. நிலா வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். கன்னடம் பேசுகிறவர்கள் திண்டிக என்பார்கள். அதன் பிசினுக்கு உலகச் சந்தையில் விலை உண்டு. கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி ஆழமாக வெடித்துக் கட்டம் கட்டமாக இருக்கும். கறுத்து, தடித்து, தீயில் வெந்தாலும் உள்ளே சூடு ஏறவிடாது. சில கருமருதுகளில் தண்டு புடைத்திருக்கும் இடத்தை வெட்டினால் தண்ணீர் கொட்டும். வெண்தேக்கின் பட்டை வெளிறி, காகிதம்போல ஏடு ஏடாக உரியும். வேங்கையைக் கீறினால் இரத்தம்போலச் சிவந்த சாறு வடியும். முள்ளிலவுக்கு முள்ளே அடையாளம். சரக்கொன்றையில் போன ஆண்டின் காய்கள் கரிய கோல்களாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இவற்றோடு தேக்கு, ஈட்டி, நெல்லி, தான்றி, நாவல், பலாசு, மருக்காரை. சங்கப் பாடல்களில் பழகிய காதுக்கு இதில் பாதிப் பெயர்கள் புதிதல்ல. வேங்கை, கொன்றை, இலவு, பலாசு என்று அந்தப் புலவர்கள் பாடிய மரங்களில் பல, வேனிலில் இலை உதிர்ப்பவை. தமிழில் காடு என்ற சொல்லுக்குப் பின்னால் நெடுங்காலமாக நின்றது பெரும்பாலும் இந்தக் காடுதான். எப்போதும் பச்சையாக இருக்கும் மழைக்காடு மலையின் மேற்குச் சரிவுகளில் கிடந்தது.

இலை உதிர்ப்பதை மரணம் என்று பார்ப்பதுதான் பேருந்துப் பயணியின் பிழை. இலை என்பது தண்ணீரை ஆவியாக்கும் பரப்பு. மண் காயும் மாதங்களில் இலையை வைத்துக்கொண்டிருந்தால், தண்டுக்குள் இருக்கும் நுண்ணிய நீர்க்குழாய்களில் இழுவிசை ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் நீரிழை அறுந்து, குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிடும். அதற்குப் பிறகு அந்தக் குழாய் பயன்படாது. ஆகவே மரம் இலைக் காம்பின் அடியில் ஓர் உதிர் அடுக்கை வளர்த்துக்கொள்கிறது. அதற்கு முன்னால் இலையில் இருக்கும் நைட்ரஜனிலும் பாஸ்பரசிலும் கணிசமான பங்கைத் தண்டுக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறது. குடிவெளியேறும் முன் வீட்டுச் சாமானை எடுத்துக்கொள்வதுபோல. கீழே விழுவது பெரும்பாலும் வெறும் கூடு.

ஆச்சரியம் இதற்கு அப்புறம்தான். மழை வந்தபின் தளிர் விடும் என்று நினைப்போம். முதுமலையின் பல மரங்கள் மழைக்கு முன்பே, கொளுத்தும் வெயிலில், மண்ணில் ஈரமே இல்லாதபோது தளிர்க்கின்றன. தண்டிலும் வேரிலும் சேமித்த நீரை நம்பிச் செய்யும் செலவு இது. எதற்கு இந்த அவசரம்? கே. எஸ். முரளியும் சுகுமாரும் இதை இங்கே ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். மழை தொடங்கியதும் இலை தின்னும் பூச்சிகள் பெருகுகின்றன. முன்கூட்டியே தளிர்த்த மரங்களின் இலைகள் அதற்குள் முற்றி, தடித்துவிடுகின்றன. மழையோடு சேர்ந்து தளிர்த்த மரங்கள் அதிகமாகக் கடிபடுகின்றன. ஆக, ஏப்ரல் வெயிலில் செம்பழுப்பாக மினுங்கும் அந்தத் தளிர்கள் ஒரு பந்தயத்தில் ஓடுகின்றன.

விதை விஷயத்திலும் இந்த வறண்ட மாதங்கள்தான் அரங்கம். இலையில்லாத காட்டில் காற்றுக்குத் தடை இல்லை. கருமருதின் காய்க்கு ஐந்து இறக்கைகள். வேங்கையின் காய் அப்பளம்போல வட்டமாக, விளிம்பு முழுதும் சிறகு. வெண்தேக்கின் காய்க்குள் சிறகுள்ள நுண்விதைகள், இலவில் பஞ்சு. மழைக்காட்டில் பெரும்பாலும் பறவைகளும் விலங்குகளும் செய்யும் வேலையை இங்கே பெருமளவு காற்று செய்கிறது. மீதியை மான்களும் குரங்குகளும் பார்த்துக்கொள்கின்றன. நெல்லிக்கனியை விழுங்கும் புள்ளிமான், வேறிடம் போய் அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும்.

இப்போது அந்த எழுபதுக்குத் திரும்பலாம். ஆறு மாத வறட்சி, அடிக்கடி வரும் தரைத்தீ, யானை. இந்த மூன்று சல்லடைகளையும் தாண்டி நிற்கத் தெரிந்த மரங்கள்தான் இங்கே குடியிருக்க முடியும். எழுபது என்பது அப்படிச் சலித்து மிஞ்சியவற்றின் தொகை.

*

சல்லடையின் கண் எவ்வளவு பெரிது என்பதை மழை தீர்மானிக்கிறது. முதுமலையில் இதை ஒரே நாளில் பார்க்கலாம். மேற்கே பென்னைப் பகுதியில் ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தாண்டி நேராக அங்கே வந்து கொட்டுகிறது. வெண்தேக்கும் ஈட்டியும் வேங்கையும் நெடுநெடுவென வளர்ந்து, இடையிடையே மூங்கில் புதர்களோடு நிற்கும். கிழக்கே போகப்போக மேகம் காலியாகிவிடும். 50 ஹெக்டேர் நிலம் இருக்கும் இடத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர். மசினகுடியைத் தாண்டி மோயாற்றுப் பக்கம் போனால் அதில் பாதிதான். அங்கே கருங்காலி, உசில், செம்புளிச்சான், இலந்தை என்று முள்ளும் குட்டை உருவமுமாகக் காடு மாறிவிடும். சில பத்துக் கிலோமீட்டருக்குள் ஈர இலையுதிர் காடு, வறண்ட இலையுதிர் காடு, முட்காடு என்று மூன்று உலகங்கள்.

சாம்பியனும் சேத்தும் 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட தாவர வரைபடங்கள் வேறு வழியில் போயின. நடுவில் இருக்கும் காட்டுக்கு அவை வைத்த பெயர் வெக்காலி–தேக்கு–கருமருது வகை. அங்கு அதிகம் நிற்கும் மரங்களின் பெயரே காட்டின் பெயர். எனக்கு இந்த வழி பிடிக்கிறது. 'வறண்ட இலையுதிர் காடு' என்றால் இலையின் பழக்கம் மட்டும் தெரிகிறது. வெக்காலி–தேக்கு–கருமருது என்றால் யார் வீடு என்று தெரிந்துவிடுகிறது.

*

வீட்டுக்காரர்கள் நிலையாக இருப்பார்களா? 50 ஹெக்டேர் நிலம் நமக்குச் சொன்ன மிகப் பெரிய செய்தி இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

முதல் கணக்கெடுப்பில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக நின்ற மரம் கிடியா. வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கன்னடத்தில் வெண்டைக்கும் இதற்கும் ஒரே பெயர்: பெண்டெ. குடும்பப் பண்புப்படி பட்டை முழுக்க நார். அதுதான் அதற்கு வினையாக வந்தது. தென்னிந்திய யானைகளின் உணவை ஆராய்ந்த சுகுமார், அவை 112 வகைச் செடிகொடிகளைத் தின்றாலும் உணவின் பெரும்பகுதி சில குடும்பங்களிலிருந்தே வருவதைக் கண்டிருந்தார். அவற்றில் முன்னணியில் இருப்பது இந்த நார்ப்பட்டைக் கூட்டம்.

குறுந்தொகையில், பாலை வழியில் ஆண் யானை யா மரத்தின் பட்டையை உரித்து, பசித்த பிடிக்கு ஊட்டும் காட்சி ஒன்று வருகிறது. அன்பின் அடையாளமாகத் தோழி அதைச் சொல்வாள். மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே காட்சிக்கு வேறு முகம். பட்டைக்கு அடியில்தான் இலை சமைத்த உணவை வேருக்குக் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் மெல்லச் சாகும். சிறு கிடியாக்களை யானை உரிப்பதற்குக்கூட மெனக்கெடாது, முறித்துவிடும், பிடுங்கிவிடும்.

1988க்குப் பின் வந்த ஆண்டுகளில் கிடியாக்கள் மளமளவென்று விழுந்தன. யானை ஒருபுறம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை திரும்பத் திரும்ப வந்த தீ இன்னொருபுறம். இந்தத் தரைத்தீ பெருமரங்களை அதிகம் தொடுவதில்லை. சுண்டுவிரல் பருமனும் கை பருமனுமாக இருக்கும் இளந்தண்டுகளைத்தான் வாரிக்கொண்டு போகும். சில ஆண்டுகளுக்குள் 26,000இலிருந்து பல ஆயிரம் தண்டுகள் மறைந்துபோயின. எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த கிடியா சரிந்து, அந்த இடத்துக்கு வேறு மரங்கள் வந்தன.

இத்தனைக்கும் நடுவில் இனங்களின் எண்ணிக்கை என்ன ஆயிற்று? எழுபதை ஒட்டியே இருந்தது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவர் இந்தக் காட்டில் எதுவும் நடக்கவில்லை என்று சொல்லியிருப்பார். பேருந்திலிருந்து பார்த்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஏனென்றால் உயர்ந்து நின்ற வெண்தேக்கும் கருமருதும் அப்படியேதான் நின்றன. மாறியது நடுவில் இருந்த தலைமுறை. ஒவ்வொரு தண்டுக்கும் எண் போட்டு, ஆண்டுதோறும் போய்ப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது தெரிந்தது.

பெருமரங்களின் சாவு வேறு மாதிரி. வறட்சி வந்த ஆண்டிலேயே அவை விழுந்துவிடுவதில்லை. ஆழமான வேரும் சேமிப்பும் கொஞ்ச காலம் தாங்கும். சில ஆண்டுகள் கழித்து, நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே நின்றபடி சாகும். அதைப் பார்க்கிறவர் அந்த ஆண்டின் மழையை வைத்துக் காரணம் தேடினால் கிடைக்காது. இந்தப் பிந்திய சாவையும் காட்டியது நீண்ட காலப் பதிவுதான். ஓராண்டுக்கு, ஈராண்டுக்கு என்று நிதி ஒதுக்கும் ஆய்வுகளால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நம் நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாமல் ஒரே நிலத்தை எண்ணிக்கொண்டிருக்கும் ஆய்வுகள் இவ்வளவு குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

*

இது இயற்கையான காடுதானா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தக் காட்டை நிலம்பூர் அரசர் திருமுல்பாடிடமிருந்து குத்தகைக்கு எடுத்தார்கள். தேக்குக்காகவே எடுத்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். குறும்பர்களும் இருளர்களும் பணியர்களும் அதற்கு மிக முன்பிருந்தே இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். கிழங்கு தோண்டியிருக்கிறார்கள், தேன் எடுத்திருக்கிறார்கள், புல்லுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். மனிதர் கை படாத காடு என்ற பொருளில் இது இயற்கைக் காடு அல்ல. யாரும் நட்டு வைக்காமல், தானாக விழுந்த விதையிலும் தானாகத் துளிர்த்த வேரிலும் நிற்கிற காடு என்ற பொருளில் இது இயற்கைக் காடு. வேறுபாடு தெரிய வேண்டுமானால் பக்கத்திலேயே இருக்கும் தேக்குத் தோட்டத்துக்குள் போய் நிற்கலாம். வரிசை வரிசையாக ஒரே வயது, ஒரே இனம். சிம்ப்சனின் கேள்வியை அங்கே கேட்டால் பதில் கிட்டத்தட்ட ஒன்று: எந்த இரண்டைத் தொட்டாலும் தேக்கு.

இன்று இந்தக் காட்டின் கலவையை மாற்றிக்கொண்டிருப்பது ஒரு மரமே அல்ல. உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து நாடு முழுதும் பரவிவிட்டது. இந்த 50 ஹெக்டேரில் 1990க்கும் 2008க்கும் இடையில் அது எப்படிப் பெருகியது என்பதைக் கீதா ராமசாமியும் சுகுமாரும் கட்டம் கட்டமாகக் காட்டியிருக்கிறார்கள். முன்பு புல் இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரத்துக்கு முள்புதர். அதன் நிழலில் வெயில் விரும்பும் மரக்கன்றுகள் தேறுவது கடினம். தீ வந்தால் தரையோடு போய்விடும் சுடரை அது கிளை உயரத்துக்கு ஏற்றிவிடும். மரப் பட்டியலில் உண்ணிச்செடிக்கு இடம் இல்லை. மரங்களின் எண்ணிக்கையில் அதனால் இன்னும் பெரிய சரிவு தெரியாமலும் இருக்கலாம். பெருமரங்கள் நூறாண்டு நிற்கும். அவற்றுக்குப் பின் யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கான பதிலைத் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முழங்கால் உயரத்தில் குனிந்து தேட வேண்டும்.

அங்கே ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருக்கிறது. இலையுதிர் காட்டின் கன்றுகள் பல, ஆண்டுதோறும் செத்துப் பிழைக்கின்றன. மழையில் ஒரு முழம் வளரும். கோடையில் தரைக்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்தோ கருகியோ போகும். மண்ணுக்குள் வேர் மட்டும் மாவுச்சத்தைச் சேர்த்துத் தடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி ஒரு குருத்து. தேக்குக் கன்றுகள் இப்படிப் பல ஆண்டுகள் காத்துக் கிடக்கும் என்பது வனத்துறையினருக்குப் பழைய செய்தி. சரக்கொன்றையும் வேரிலிருந்து சளைக்காமல் துளிர்க்கும். தீயில்லாத ஆண்டுகள் இரண்டு மூன்று சேர்ந்து கிடைத்தால், அவ்வளவு நாள் சேர்த்த வேரின் பலத்தோடு குருத்து ஒரே மூச்சில் மேலே வந்துவிடும். பார்ப்பதற்கு இரண்டு வயதுக் குச்சி. அதன் வேருக்கு என்ன வயதென்று யாரும் சொல்ல முடியாது.

ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு பணியாளர் அந்தக் குச்சியருகே குனிகிறார். 1.3 மீட்டர் உயரத்தில் அளவுகோலை வைக்கிறார். ஒரு சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டது. பையிலிருந்து அடுத்த எண்ணுள்ள தகட்டை எடுத்துக் கட்டுகிறார். சற்றுத் தள்ளி, யானை முறித்த கிடியா ஒன்றின் அடியில் பழைய தகடு கிடக்கிறது. அதை எடுத்து எண்ணைப் படித்து, குறிப்பேட்டில் அந்த வரிக்கு நேரே இறந்தது என்று எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்கு நடக்கிறார்.